பெர்லே ஃபான் நியூரன்பெர்க்: அழகான எச்சிவேரியா, ஆனால் எல்லா ஊருக்கும் அல்ல

ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த இலையடுக்கு, அதன்மேல் மெல்லிய வெண்மாவு. நர்சரிகளில் கிடைக்கும், எச்சிவேரியா என்ற சதைப்பற்று இலைச் செடியின் கலப்பினங்களில் நிறத்துக்காக வாங்கத் தகுந்தது பெர்லே ஃபான் நியூரன்பெர்க். 1930களில் ஜெர்மனியில் ரிச்சர்ட் கிரேஸ்னர் உருவாக்கிய கலப்பு இது. ஆனால் பெற்றோர் இரண்டும் மெக்சிகோ செடிகள். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்று வளர்ந்தவை. வாங்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் ஊரின் இரவுதான் முடிவு செய்யும்.

ஊட்டி, கொடைக்கானல், ஓசூர், பெங்களூரு என்றால் தயங்காமல் வாங்குங்கள். கோவையில் பிழைக்கும், கோடையில் நிறம் மங்கும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தச் செடி இலைத்துளைகளை இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் அந்த வேலை சுணங்கிவிடும், வேர் நீர் எடுப்பதும் குறையும், ஈர மண்ணில் அழுகல் பிடிக்கும். அங்கே எச்சிவேரியாவோடு கிராப்டோபெட்டாலம் என்ற உறவுச் செடி கலந்த ஃப்ரெட் ஐவ்ஸ் என்ற கலப்பினத்தை வாங்குவது நல்லது. நிறம் இவ்வளவு நளினமாக இராது, வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் வெறும் கொக்கோபீட், அதாவது தென்னை நார்த்தூள்தான் இருக்கும். இதுதான் விற்பனையில் பெரிய குறை. அது மேலே காய்ந்தாலும் வேரடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாங்கியதும் செடியைக் கவிழ்த்து அதை முழுவதும் உதிர்த்துவிடுங்கள். வேரிலும் இலையிடுக்கிலும் பஞ்சு போல மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு, 4 அங்குல மண்தொட்டியில் நடலாம். 3 முதல் 6 மி.மீ. செங்கல் துண்டு 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிறக் கல்துகள்) 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. செங்கல்லைச் சலித்துக் கழுவாவிட்டால் தூள் இறங்கி வடிகால் துளையை அடைத்துவிடும். நட்டு நான்கு நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

நம் விவசாயிகள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கு அப்படியே பொருந்தும். துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள், பிறகு அடிவரை காயவிடுங்கள். அடியிலை தொட்டால் துவண்டு சுருங்கியிருந்தால் தாகம். மஞ்சளாகி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவ, தொட்டதும் உதிர்ந்தால் தண்ணீர் அதிகம். அடியிலை காகிதமாய்க் காய்வது இயல்பானது, கவலை வேண்டாம். கோடையில் மாலையில் மட்டும் ஊற்றுங்கள். இலையடுக்கின் நடுவே நீர் தேங்க விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கூரைக்கு அடியில் வைத்தே ஆக வேண்டும்.

நிறம் வெளிச்சத்தால் வருவது. தினமும் நான்கு மணி நேரக் காலை வெயில் தேவை. கோடை மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை. வெளிச்சம் குறைந்தால் இலைகள் பச்சையாகி விரியும், தண்டு நீண்டுவிடும், நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. கடை நிழலில் இருந்த செடியை நேரே வெயிலில் வைத்தால் இலை கருகும், அதனால் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகப் பழக்குங்கள்.

மாவுப்பூச்சிக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூரிகையில் தொட்டுப் பூச்சியின்மேல் மட்டும் வையுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதை நான் ஏற்க மாட்டேன். அது வெண்மாவைக் கரைத்து இலையைப் பளபளப்பாக்கிவிடும், வெயில் பட்டால் சுடும். அந்த மாவு போன இலையில் பழையபடி திரும்பாது. விரல் தடமும் அப்படித்தான் நிற்கும்.

நீண்டுபோன செடியைத் தலையோடு வெட்டி, வெட்டு வாய் காய ஐந்து நாள் நிழலில் வைத்து, உலர்ந்த கலவையில் ஊன்றுங்கள். அடித்தண்டை எறிய வேண்டாம், அதன் பக்கங்களில் குட்டிகள் வெடிக்கும். இலையிலிருந்தும் வளர்க்கலாம், அடிப்பகுதி கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தால் மட்டும்.