இண்டக்‌ஷனா, இன்ஃப்ராரெட்டா? முதலில் பாத்திர அலமாரியைப் பாருங்கள்

சிலிண்டருக்குத் துணையாக ஒரு மின் அடுப்பு தேடினோம். கடைசியில் வாங்கியது இண்டக்‌ஷன். பக்கத்திலேயே இருந்த இன்ஃப்ராரெட் அடுப்பும் பார்வைக்கு அதே மாதிரிதான். கண்ணாடித் தட்டு, பட்டன்கள், 2000 வாட் என்ற ஸ்டிக்கர் எல்லாம் ஒன்றே.

இன்ஃப்ராரெட்டில் கம்பி பழுத்துச் சிவந்து கண்ணாடியையும் பாத்திரத்தையும் சுடவைக்கிறது. அவ்வளவுதான்.

இண்டக்‌ஷனில் கண்ணாடிக்கு அடியில் இருப்பது கம்பிச்சுருள். காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மாற்றம் எவ்வளவு வேகமோ, தூண்டல் அவ்வளவு வலு. அதனால்தான் வினாடிக்கு 50 சுற்று வரும் வீட்டு மின்சாரத்தை அடுப்பு 20,000 சுற்றுக்கும் மேலாக்கிச் சுருளுக்குள் விடுகிறது. பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அங்கேயே அது வெப்பமாகிறது. கண்ணாடி சுடுவது பாத்திரத்தின் சூட்டால்தான். பால் பொங்கும்போது அணைத்தால் சட்டென்று அடங்குவது இதனால்தான். இன்ஃப்ராரெட்டில் அணைத்த பிறகும் தட்டில் தேங்கிய சூடு பாலை விடாது. எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆனால் உங்கள் முடிவைப் பாத்திரம்தான் தீர்மானிக்க வேண்டும். அலுமினியம் நல்ல மின்கடத்தி, பிறகு ஏன் இண்டக்‌ஷனில் சூடாவதில்லை? நல்ல கடத்தியாக இருப்பதுதான் சிக்கல். இந்த அதிர்வெண்ணில் அலுமினியத்தில் மின்னோட்டம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம்வரை பரவி, அதிகத் தடையில்லாமல் ஓடிவிடுகிறது. இரும்பு காந்தத்தன்மை உடையது. அதில் மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள மெல்லிய படலத்துக்குள் நெருக்கப்படுகிறது. பாதை குறுகினால் தடை கூடும், சூடும் கூடும். அலுமினியக் குக்கரை வைத்தால் பாத்திரமே இல்லை என்று கருதி அடுப்பு நின்றுவிடும்.

எவர்சில்வரிலும் எல்லாம் தேறாது. நிக்கல் கலந்த உயர்தர வகை பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. அடியில் காந்த எஃகுத் தகடு பதித்திருந்தால்தான் வேலை செய்யும். கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துப் போய் அடிப்பாகத்தில் ஒட்டிப் பாருங்கள். அலுமினியப் பாத்திரத்துக்கு அடியில் இரும்புத் தட்டு வைக்கலாம் என்பார்கள். வேலை செய்யும், ஆனால் இண்டக்‌ஷனின் வேகம் போய்விடும்.

வார்ப்பிரும்பு தோசைக்கல் அருமையாகச் சூடாகும், சுருளின் அகலத்துக்கு மட்டும். தோசையின் ஓரம் வெளுத்தே இருக்கும். குறைந்த வாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். திடீர்ச் சூட்டில் கல் விரிசல் விடலாம்.

மண்சட்டியில்தான் மீன்குழம்பு என்பவர்களுக்கும், வீடு நிறைய அலுமினியம் வைத்திருப்பவர்களுக்கும் இன்ஃப்ராரெட்டே சரி. அதை நான் உறவினர் வீட்டில் கொஞ்ச காலம்தான் பயன்படுத்தினேன். எத்தனை வருடம் உழைக்கும் என்பதை நீண்ட நாள் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.