‘மொத்தமா எடுத்துக்கிறோம்ணே’ என்று வந்தால் முதலில் தராசைப் பாருங்கள்

மண்டபத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகு உண்டு. அப்பா ஓட்டியது, இப்போது அண்ணன் ஓட்டுகிறார். நான் கரையில் கணக்குப் பார்ப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தான். பலகை மாற்றுவது, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து, பெயிண்ட் எல்லாம் அந்த நாட்களில்தான். போன தடைக்காலத்தில் கூடவே இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டோம். படகில் வருஷக் கணக்காகச் சேர்ந்து கிடந்த சாமான்களைக் காலி செய்வது. அதில்தான் ஏமாந்தோம்.

அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். “நடுக்கடல்ல நின்னுக்கிட்டு ஒரு முழக் கயித்துக்கு எங்கடா போவ?” என்பார். அந்த ஒரு முழக் கயிறு ஐஸ் பெட்டிக்கு அடியிலும் என்ஜின் ரூம் ஓரத்திலும் படகின் முன்பக்கம் அணியத்துக்குக் கீழும் வளர்ந்து வளர்ந்து ஆள் கால் வைக்க இடமில்லாமல் போனது. கிழிந்த மடி (இழுவலை) மூன்று, வலையில் கட்டும் ஈயக்குண்டு மூன்று சாக்கு, துருப்பிடித்த சங்கிலி, கை ஒடிந்த நங்கூரம், செத்த பேட்டரி இரண்டு, எங்கள் படகு நம்பர் எழுதிய உடைந்த தெர்மோகோல் மிதப்புகள், பாடுவதை நிறுத்திய டேப் ரெக்கார்டர், தாத்தா பாய் விரித்து ஓடிய காலத்து மரக் கப்பி ஒன்று. அப்புறம் இலை நுனி உடைந்த பழைய புரொப்பல்லர். இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு டீசலைக் குடிக்கிறது படகு என்று அண்ணனுக்கு எரிச்சல். கடைசியில் அப்பாவும் சரி என்றார். கப்பியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்று பார்க்க அவருக்கு மனமில்லை.

அன்றைக்கே ஒருவன் குட்டியானை வண்டியோடு வந்து நின்றான். யார் சொல்லி வந்தானோ. “நீங்க ஒண்ணுலயும் கை வைக்க வேணாம்ணே. நல்லது கெட்டது எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறோம். கிழிஞ்ச வலை, தெர்மோகோலு, அழுக்கு ஆயில் கேனு எல்லாத்தையும் அள்ளிட்டு சுத்தமா கழுவி விட்டுட்டுப் போறோம்.” நாங்கள் விழுந்தது இந்த வார்த்தையில்தான். பழைய இரும்பை எந்தக் கடையும் வாங்கும். நாறிப்போன வலையை யார் எடுப்பார்கள்?

எடை போட அவன் கொண்டுவந்தது கொக்கியில் மாட்டும் தொங்கு தராசு. சிவப்பு எழுத்தில் எண் ஓடும். எண்களை, படகுத் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஓடாவியின் பென்சிலை வாங்கி, இழைத்து வைத்திருந்த புதுப் பலகையில் அண்ணன் எழுதினார். எங்களுக்கு வேறு பில் கிடையாது. இரும்பு 210 கிலோ, ஈயச் சாக்குகள் 62 கிலோ, புரொப்பல்லர் 36 கிலோ. ஈயத்தைத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். “உப்புத் தின்ன ஈயம்ணே, உருக்கினா பாதிதான் தேறும்” என்று இரும்பு விலையான கிலோ 30 ரூபாயிலேயே போட்டான். புரொப்பல்லரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “கலப்பு உலோகம், இரும்பு நிறைய சேர்ந்திருக்கு” என்று கிலோ 100. பேட்டரிகள் “காலி டப்பா”, அதற்குக் காசு இல்லை. எல்லாம் சேர்த்து 11,760 ரூபாய். அதில் ஏற்றுக்கூலி 1,500, குப்பை அள்ள 1,000 கழித்து 9,260 கையில் வைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எங்களுக்குச் சந்தோஷம்தான். அப்போது அரசு கொடுத்த தடைக்கால நிவாரணமே 8,000 ரூபாய். அதைவிட அதிகமாகக் குப்பை கொடுத்துவிட்டதே என்று பேசிக்கொண்டோம்.

சாயங்காலம் ஓடாவிதான் முதலில் இடித்துச் சொன்னார். “தம்பி, அந்த ஈயச் சாக்கை ரெண்டு பேரு முக்கி முக்கித் தூக்குனாங்க. இருபதுன்னு காட்டுச்சு. நாளைக்கு வந்தா தண்ணிக் கேனை மாட்டிப் பாருங்க.” இதற்குள் அண்ணன் மகன் டேப் ரெக்கார்டரைப் பிரித்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து வைத்திருந்தான். புரொப்பல்லரை வண்டியில் தூக்கிப் போட்டபோது உடைந்த நுனியில் ஒரு சில்லு தெறித்துக் கீழே கிடந்தது. பையன் அதில் காந்தத்தை வைக்கிறான், ஒட்டவில்லை. திரும்பத் திரும்ப வைக்கிறான், ஒட்டவே இல்லை. நான் வாங்கி மண்ணில் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று மஞ்சள். நல்ல வெண்கலம். இரும்பு நிறைய சேர்ந்ததாம்.

மறுநாள் மிச்சமிருந்த தகர டீசல் டாங்கியை எடுக்க அவன் வந்தான். நான் ஒன்றும் பேசவில்லை. 20 லிட்டர் தண்ணீர்க் கேனை நிறையப் பிடித்து அவன் தராசிலேயே மாட்டினேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, கேனோடு சேர்த்து இருபதுக்கு மேல் வரவேண்டும். 16.2 என்று நின்றது. அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். “பேட்டரி டவுன்ணே, மாத்திட்டு வந்துடறேன்” என்று வண்டியில் ஏறினவன்தான். டாங்கியும் வேண்டாம் என்று போய்விட்டான். போன் அன்றோடு சுவிட்ச் ஆப்.

இராமநாதபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். அன்றைக்கு அவர்கள் சொன்னது ஈயம் கிலோ 150, வெண்கலம் 450. அவன் காட்டிய எடையையே நம்பினாலும் ஈயத்தில் 7,440, புரொப்பல்லரில் 12,600. இருபதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. தராசில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தின்றதைக் கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை. பேட்டரியும் அப்படித்தான். புதிது வாங்கும் கடையில் கொடுத்திருந்தால் விலையில் கழித்திருப்பார்கள்.

பணத்தோடு போயிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் வேதாளைப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் போன் செய்தார். “உங்க படகு நம்பர் போட்ட மிதப்பு இங்க கரையெல்லாம் கிடக்கு. என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?” போய்ப் பார்த்தால் உடைமரங்களுக்குப் பின்னால் எங்கள் மூன்று மடியும், தெர்மோகோலும், ஆயில் கேன்களும் குவியலாகக் கிடந்தன. குப்பை அள்ள 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, போகிற வழியில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மடியை அலை பாதி இழுத்துவிட்டது. வலை கிழிந்தாலும் மீன் பிடிப்பதை நிறுத்தாது. உள்ளே நண்டு, சங்கு, செத்து ஊதிய பேத்தை மீன் எல்லாம். எதிரே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள். 1986-லிருந்து பாதுகாக்கிற இடம். வலை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பவளப்பாறையில் மாட்டியிருந்தால் எங்கள் நம்பரோடு எங்களைத் தேடித்தான் வந்திருப்பார்கள். நானும் அண்ணனும் கத்தி வைத்து அறுத்து அறுத்து இழுத்தோம். அரை நாள் ஆனது. அந்த ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள், நியாயம்தானே. யாரோ கொட்டியது என்று சொன்னால் எங்களுக்கே நம்பிக்கை வராது.

தராசு மோசடியைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட்டிருக்க வேண்டும், 2009 எடையளவுச் சட்டத்தின் கீழ் அது கட்டாயம். புகார் கொடுக்கப் போனேன். வண்டி நம்பர், பில், கடைப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு பலகை. அதனால் சொல்கிறேன், வண்டி வந்து நின்றதும் நம்பர் தெரிய ஒரு படம் எடுத்துவிடுங்கள். முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் அனுப்பிவிடுங்கள். ஈயம், வெண்கலம், இரும்பு மூன்றையும் ஆள் வருவதற்கு முன்பே பிரித்து வையுங்கள். இரும்பா இல்லையா என்று பார்க்கப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று போதும். மிதப்பைக் கொடுப்பதற்கு முன் நம்பரைச் சுரண்டிவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம்பர் இல்லாவிட்டால் அந்தக் குப்பை இன்றும் அங்கேதான் கிடக்கும்.

தொண்டிப் பக்கமும் இதே மாதிரி ஒருவன் சுற்றியதாகக் கேள்விப்பட்டேன். அதே ஆளா தெரியாது. ஒல்லி, நாற்பது வயது இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை ‘அண்ணே’.

இழுத்து வந்த வலையும் தெர்மோகோலும் இப்போது எங்கள் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கின்றன. அப்பா தினமும் அந்தப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருகிறார். நேற்று அதிலிருந்து ஒரு முழக் கயிறு அறுத்து எடுத்து வைத்திருக்கிறார்.