பழைய காரில் பிரேக் ஆயில் குறைகிறது: ஊற்றுவதா, கிட் போடுவதா, சிலிண்டரை மாற்றுவதா?

என்னுடைய 1998-ஆம் ஆண்டு மாருதி 800-இல் பிரேக் ஆயில் மட்டம் இரண்டே மாதங்களில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கியபோது, மூன்று வழிகள் சொல்லப்பட்டன: குறைந்ததை ஊற்றிக்கொண்டே ஓட்டுவது, கசியும் பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் கிட் (உள்ளிருக்கும் ரப்பர் பாகங்களின் தொகுப்பு) மட்டும் போடுவது, சிலிண்டரையே மாற்றுவது.

முதல் வழியை அநேகமாக எல்லோரும் கையாள்கிறார்கள். அது பொருந்தும் இடம் மிகக் குறைவு. முன்சக்கரங்களில் டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்புவதால், பல ஆயிரம் கிலோமீட்டர்களில் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பே. அப்போது மேலே ஊற்றிவிட்டால், புதிய பேட் போடும் நாளில் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு ஆயில் வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். ஆகவே மட்டம் குறைந்தால் முதலில் பேட்டின் தடிமனைப் பார்க்க வேண்டும். பேட் தேயாமலே ஆயில் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், ஊற்றுவது அதை மறைக்க மட்டுமே உதவும்.

என் காரில் இடது பின்சக்கர டயரின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. டிரம்மைக் கழற்றி, பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை விரலால் விலக்கியதும், உள்ளே தேங்கியிருந்த கருத்த ஆயில் ஷூவின் மேல் சொட்டியது. கிட்டா, புதுச் சிலிண்டரா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிஸ்டனை எடுத்துவிட்டு, சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து, நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிச் சென்றால் கிட் போதும், செலவும் குறைவு. ஆயில் இழுத்துக்கொண்ட ஈரத்தால் துருவேறிக் குழி விழுந்து நகம் மாட்டினால், ஆயிலை அடைத்து நிற்கும் புதிய ரப்பர் கப்பும் அதே குழியில் உரசிக் கிழியும். எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்கிறோம் என்பார்கள். ஆழமான குழி போகும்வரை தேய்த்தால் துளை அகன்று, கப் இறுக்கமாக உட்காராது. நான் பின்சக்கரச் சிலிண்டர்கள் இரண்டையும் மாற்றினேன். ஆயில் ஊறிய ஷூக்களைக் கழுவிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால் அவற்றையும் மாற்றினேன்.

பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் தயக்கத்திற்கே இடமில்லை. அங்கே ஆயில் வெளியே சொட்டாமலே கப்பைத் தாண்டி உள்ளுக்குள் நழுவக்கூடும். ஆயில் டப்பாவில் மட்டம் குறையாதிருக்க, சிக்னலில் மிதித்து நிற்கும்போது பெடல் மட்டும் மெல்லக் கீழே இறங்கும். பழைய காரில் இதற்குக் கிட் போடுவதைவிட முழுதாக மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஏர் எடுக்கும்போது (பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது) பெடலைத் தரைவரை மிதிக்கவும் கூடாது. வழக்கமாகக் கப் போகாத துருப்பிடித்த பகுதிக்கு அது சென்று கிழிந்துவிடும்.

எந்த ஆயில் என்பதிலும் போட்டி உண்டு. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புதிய டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஈரம் ஏறியபின் அவை 140, 155 என இறங்கிவிடுகின்றன. நகருக்குள் ஓடும் காருக்கு, இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றப்படும் டாட் 3 போதும். ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி இறங்குபவர்கள் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். சிலிக்கோனால் ஆன டாட் 5 ஈரத்தை இழுக்காது என்பது உண்மையானாலும், பழைய ஆயிலோடு அது கலக்காது. எண்ணைப் பார்த்து உயர்ந்தது என்று நம்பி டப்பாவில் ஊற்றிவிடக் கூடாது. எஞ்சின் ஆயில் சிறிதளவு விழுந்தாலும் பிரேக் ரப்பர்கள் எல்லாம் உப்பிவிடும்.

வேலை முடிந்த அன்றே சமதரையில் வண்டியை நிறுத்தி, டப்பாவின் மீது ஆயில் மட்டத்தை மார்க்கரால் கோடிட்டு வைத்தேன். ஞாயிறுதோறும் அந்தக் கோட்டையும், நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.