ஓலைச்சுவடியில் பூர்வீகம் தேடித் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இன்றும் 'கப்பக்கார வீடு' என்றுதான் பெயர். அது கப்பலா, கப்பமா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. பூட்டனார் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர் என்பார் ஆச்சி. பாளையக்காரருக்குக் கப்பம் வசூலித்த வம்சம் நாம் என்பது சித்தப்பாவின் ஆசை.

அந்த ஆசைதான் வினையானது. போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் அறிமுகமானவர், எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை தனக்கு ஆள் உண்டு, பூர்வீகம் எடுத்துத் தருகிறேன் என்றார். முன்பணம் 8,000, ஓலை கைக்கு வந்ததும் 10,000. மூன்றே வாரத்தில் வந்துவிட்டது! கல்யாண வீட்டுப் பழக்கம் என்று ரசீதுகூடக் கேட்கவில்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மஞ்சளும் கரியும் பூசிய ஐந்து ஓலைகள். கொல்லம் ஆண்டு 940, பிரபவ வருஷத்தில் எங்கள் முன்னோர் வீரபாண்டிய கட்டபொம்மனுக்குக் கப்பம் வசூலித்தாராம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு வரிதான் படித்தார்.

"ஏல, பழைய ஓலைல புள்ளி வச்சிருக்கதே அபூர்வம். இதுல எல்லா எழுத்துக்கும் புள்ளி இருக்கு. 'லை', 'னை'க்கு முன்னால யானைத் துதிக்கை மாதிரி போடுற பழைய சுழியைக் காணோம். 1978ல எழுத்தை மாத்துனாம்லா, அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போனவன் எழுதுனதுல இது."

அப்புறம் கணக்கும் பார்த்தோம். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில வருஷம், அதாவது 1765. கட்டபொம்மன் பிறந்ததே 1760இல். ஐந்து வயதுப் பிள்ளைக்கா கப்பம் கட்டினார்கள்? பிரபவ வருஷமோ 1747இல் வந்தது.

போன் போட்டுக் கேட்டால், "அது மூல ஓலையைப் பார்த்து எழுதின படி சார்" என்றார். சரி, படி எடுத்தால் வருஷமுமா மாறும்? மறுநாளிலிருந்து போன் அணைந்தே கிடக்கிறது.

கடைசியில் விடை ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. 1911ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில் பூட்டனார் பெயருக்கு முன்னால் 'கொழும்பில் வியாபாரம் செய்துவரும்' என்று எழுதியிருக்கிறது. செலவு ஒரு பைசா இல்லை.

அந்த ஆள் இப்போது தென்காசிப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. முதலில் உங்கள் வீட்டுப் பட்டப்பெயரைத்தான் விசாரிப்பார். அதற்கு உங்களுக்குப் பிடித்த கதை எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நாங்கள் அப்படித்தான் சொன்னோம்.