பாடி கேமரா மானியம்: கேமரா வந்த பிறகு வரும் செலவுகள்

அமெரிக்காவின் சிறு நகரக் காவல் துறைகள் பாடி கேமரா (போலீசார் உடையில் மாட்டிக்கொள்ளும் கேமரா) வாங்கும்போது முதலில் கேட்பது ஒரு கேமரா என்ன விலை என்றுதான். சில வருடம் பயன்படுத்திய துறையின் பட்ஜெட்டைப் புரட்டினால் அதுதான் சின்னச் செலவு. வீடியோவைச் சேமிக்கவும், வகை பிரிக்கவும், முகங்களை மறைத்துக் கொடுக்கவும்தான் பணம் போகிறது.

மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசனில் 2014இல் போலீஸ்காரர் ஒருவர் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற பிறகு, 2015இல் அமெரிக்க நீதித்துறை பாடி கேமராவுக்காக 32 மாநிலங்களில் 73 துறைகளுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. உள்ளூர்ப் பங்காகப் பாதித் தொகையைப் போட வேண்டியிருந்தது. கேமரா வாங்கும் முன்பே செயல்திட்டமும் பயிற்சி விதிகளும் தயாராக இருக்க வேண்டியிருந்தது. வீடியோவைப் பல வருடம் சேமித்து வைக்கும் செலவு உள்ளூர்த் துறையைச் சேர்ந்தது என்றும் அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். மானியத்துக்கு மனுப் போடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவாகும் வீடியோ மணிக்கு 1.8 ஜிபி. ஷிஃப்டுக்கு 3 மணி நேரப் பதிவு என்றால் 5.4 ஜிபி. ஷிஃப்ட் முடிந்து 20 கேமராக்களை ஒன்றாக டாக்கில் (வீடியோவை இணையம் வழியே ஏற்றும் தாங்கி) செருகினால் 108 ஜிபி. ஸ்டேஷன் இணைப்பின் அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் எல்லாம் ஏறி முடிய 12 மணி நேரம். அதற்குள் அடுத்த ஷிஃப்டுக்காரர் கேமராவை உருவிக்கொண்டு போய்விடுவார். பழைய வீடியோ மெமரியிலேயே கிடக்கும். டெண்டர் விடும் முன் அப்லோடு வேகத்தை அளந்துவிடுங்கள். டவுன்லோடு வேகம் இங்கே எதற்கும் உதவாது. டாக்குகளுக்குத் தனி இணைப்பு கொடுங்கள், இல்லாவிட்டால் அவசர அழைப்பு மேசையின் கணினிகள் திணறும்.

அடுத்த தொல்லை, வகை குறிக்காத வீடியோ. வழக்கு எண்ணும் வகையும் போடாத பதிவு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒன்று, அழியாமல் குவிந்து, வீடியோவைச் சேமித்து வைக்கும் நிறுவனத்துக்குக் கட்டும் வாடகையை ஏற்றும். அல்லது சாட்சியமாக வேண்டியது சாதாரணப் பதிவோடு சேர்ந்து அழிந்துபோகும். எந்த அவசர அழைப்புக்கு யார் எப்போது எங்கே போனார் என்று குறித்து வைக்கும் மென்பொருளோடு இணைத்தால் நேரத்தையும் இடத்தையும் வைத்து வழக்கு எண் தானாக விழும். அந்த இணைப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

அணிவதிலும் கவனம் வேண்டும். கோடைச் சட்டையில் நிற்கும் காந்த மவுண்ட் தடித்த குளிர்கால ஜாக்கெட்டில் நழுவும். கைகலப்பில் கழன்றே விழும். இரு கையாலும் துப்பாக்கியை நீட்டினால் மார்பில் உள்ள லென்ஸைக் கை மறைக்கும். பட்டனை அழுத்தும் முன் நடந்ததையும் கேமரா சில நொடிகள் பிடித்து வைத்திருக்கும், பெரும்பாலும் ஒலி இல்லாமல். 2017இல் பால்டிமோரில் வெளியான வீடியோவில் போலீஸ்காரர் போதைப்பொருளை வைப்பது தெரிந்தது, பட்டனை அழுத்தும் முன் இப்படிப் பதிவான 30 நொடியில்தான். இந்த வசதியை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்க விடக் கூடாது.

பொதுமக்கள் வீடியோ கேட்டால் குழந்தைகளின் முகம், வீட்டின் உட்புறம், ரோந்துக் காரின் கணினித் திரை எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். தானாக முகம் மறைக்கும் மென்பொருள், ஆள் தலையைத் திருப்பினால் தவறவிடும். ஒரு ஆள் உட்கார்ந்து முழுதும் பார்த்தே ஆக வேண்டும். வாயால் சொன்ன பிறந்த தேதியும் ஒலியில் இருக்கும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இதே சுமைதான். வர்ஜீனியா 2019இல் 75 கேமராவுக்கு ஒரு உதவி வழக்கறிஞர் என்று விகிதமே வைத்தது.

பலன்? கலிஃபோர்னியாவின் ரியால்டோவில் போலீஸ் மீதான புகார்களும் பலப்பிரயோகமும் பெரிதாகக் குறைந்தன. வாஷிங்டன் டி.சி.யில் 2,000க்கும் அதிகமான போலீசாரை வைத்துச் செய்த ஆய்வில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. புகார் குறையும் என்ற ஒரே வாக்குறுதியோடு நகர மன்றத்துக்குப் போக வேண்டாம். கேமரா தரும் உறுதியான பலன் சாட்சியம்.

ஒப்பந்தத்தில் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: நிறுவனம் மாறினால் எல்லா வீடியோவும், யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவேட்டோடு, கூடுதல் கட்டணமின்றி வெளியே எடுக்கும் உரிமை. அது இல்லையென்றால் பழைய கொலை வழக்கு வீடியோக்களுக்காக, கேமராவைக் கழற்றிய பிறகும் பழைய நிறுவனத்துக்கு வாடகை கட்ட வேண்டிவரும்.