வெப்பமாற்றுத் திரவங்களின் பண்புகளைக் கணிக்க சைக்கிட்-லேர்ன்: ஒரு மதிப்பீடு

சூரிய வெப்ப மின்நிலையமாகட்டும், பால் பதனிடும் ஆலையாகட்டும், குழாயில் ஓடும் திரவத்தின் அடர்த்தி, தன்வெப்பம், வெப்பக் கடத்துத்திறன், பாகுநிலை ஆகிய நான்கும் தெரியாமல் பம்பையோ வெப்பப் பரிமாற்றியையோ தேர்ந்தெடுக்க முடியாது. தயாரிப்பாளரின் அட்டவணையில் இல்லாத வெப்பநிலைக்கும் கலவை விகிதத்துக்கும் இவற்றைக் கணிக்க, பைத்தானில் இலவசமாகக் கிடைக்கும் சைக்கிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தில், தெரிந்த புள்ளிகளிலிருந்து தெரியாத மதிப்புகளை நிகழ்தகவு முறையில் கணிக்கும் காசியன் பிராசஸ் கருவியையே நான் பரிந்துரைப்பேன்.

கணித்த மதிப்போடு அதன் திட்டவிலக்கத்தையும், அதாவது அது எவ்வளவு நிச்சயமற்றது என்பதையும், சேர்த்துத் தருவதே முதன்மையான காரணம். தெர்மினால் விபி-1 என்ற வெப்பமாற்று எண்ணெயை 12 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தலாம். 300 டிகிரி வரையிலான தரவை மட்டும் கொடுத்துவிட்டு 400 டிகிரிக்கு மதிப்புக் கேட்டால், அதே நூலகத்தில் பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் ஏறத்தாழ 300 டிகிரியின் மதிப்பையே எந்த எச்சரிக்கையும் இன்றித் திருப்பித் தரும். காசியன் பிராசஸின் மதிப்பும் அங்கே நம்பத்தக்கதல்ல. ஆனால் விரிந்துவிட்ட திட்டவிலக்கம் அதைச் சொல்லிவிடுகிறது.

பெரிய குறை, இயல்புநிலை அமைப்பில் இருக்கிறது. இரு புள்ளிகளின் மதிப்புகள் எவ்வளவு ஒத்திருக்கும் என்று சொல்லும் சார்பே கெர்னல். அதைக் குறிப்பிடாமல் விட்டால், ஒரு புள்ளியின் தாக்கம் எவ்வளவு தொலைவு எட்டும் என்பதைக் குறிக்கும் நீள அளவுகோல் 1 என்று நிலைத்துவிடும். பயிற்சியின்போது அந்த அளவுகோல் திருத்தப்படுவதில்லை. வெப்பநிலையைச் செல்சியஸிலேயே உள்ளிட்டு, 10 டிகிரிக்கு ஒரு புள்ளியாக நீரின் அடர்த்தியைப் பயிற்றுவித்தால், 20 டிகிரியில் கனமீட்டருக்கு 998 கிலோகிராம் என்று சரியாகச் சொல்லும் கருவி, 25 டிகிரியில் ஏறத்தாழ சுழியம் என்கிறது. உள்ளீடுகளைச் சீராக்கி, மேட்டர்ன் என்ற கெர்னல் வகையோடு அளவீட்டு இரைச்சலுக்கான கெர்னலையும் நாமே சேர்த்தால் இது சரியாகிவிடும். புதியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

பாகுநிலைக்குத் தனிக் கவனம் வேண்டும். 20 டிகிரியில் நீருக்கு ஏறத்தாழ 1 மில்லிபாஸ்கல் விநாடி. தூய எத்திலீன் கிளைக்காலுக்கோ 20-ஐ ஒட்டி வரும். மடக்கை எடுத்தபின் பயிற்றுவித்தால்தான் கலவை முழுவதும் சார்புப் பிழை சீராக அமையும்.

கருவியைவிட அதைப் பயன்படுத்தும் முறையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. நானோதிரவங்களை, அதாவது நானோ அளவுத் துகள்கள் கலந்த திரவங்களை, கணிப்பதில் 99 விழுக்காடு துல்லியம் என்று யாரேனும் சொன்னால், தரவை எப்படிப் பிரித்தார்கள் என்றே முதலில் கேட்க வேண்டும். ஒரே ஆய்வகம் 30 டிகிரியில் அளந்த புள்ளி பயிற்சியிலும் 35 டிகிரியில் அளந்தது சோதனையிலும் இருந்தால், நடப்பது இடைமதிப்புக் காண்பதே. புதிய திரவத்தைக் கணிப்பது அல்ல. 30-க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே நானோதிரவ மாதிரிகளை அளந்து 2009-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வெப்பக் கடத்துத்திறனில் வழக்கமான கோட்பாட்டைத் தாண்டிய அசாதாரண உயர்வு எதுவும் காணப்படவில்லை. அத்துறையின் பழைய தரவில் கலந்துள்ள முரண்களை எந்தக் கணிப்புக் கருவியும் தானாகக் களைந்துவிடாது. ஒவ்வோர் ஆய்வகத்தின் தரவையும் முழுமையாக ஒதுக்கிவைத்துச் சோதிக்க இந்நூலகத்திலேயே குரூப் கே-ஃபோல்டு என்ற தரவுப் பிரிப்பு முறை இருக்கிறது. அதில் வரும் பிழை எவ்வளவு பெரிதாயினும், பம்பின் திறனைக் கணக்கிடும்போது அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.