ஊருக்குப் பேச எது லாபம்? வெளிநாட்டு வைஃபையில் மூன்று வழிகள்

ஜனவரியில் பிராங்க்பர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கிளம்பும் கரூர்க்காரர், கேன்டன் ஃபேர் என்ற வணிகக் கண்காட்சிக்குச் சீனாவின் குவாங்சோ போகும் திருப்பூர்க்காரர், மகள் வீட்டுக்குப் போகக் கோவையில் ஷார்ஜா விமானம் ஏறும் பெரியவர்கள் என்று எல்லாரும் கிளம்புமுன் கேட்பது ஒன்றுதான்: அங்கே போய் ஊருக்குப் பேச எது மலிவு? பதிலாக ஆளுக்கொரு ஆப் பெயர் கிடைக்கும். நானாக இருந்தால் முதலில் திருப்பிக் கேட்பேன்: இந்தப் பக்கம் போனை எடுக்கப்போவது யாருங்க? காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவா, பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டரா, வங்கியா? எடுக்கிறவர் மாறினால் மலிவான வழியும் மாறிவிடும். நம் கையில் எத்தனை ஆயிரம் ரூபாய் போன் இருக்கிறது என்பது இதில் பெரிய விஷயமே இல்லை.

வைஃபை கிடைக்கும் இடத்தில் நமக்கு இருப்பது மூன்று வழி. வாட்ஸ்அப் மாதிரி ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவது ஒன்று. நம் இந்திய சிம்மின் எண்ணிலேயே வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங் இன்னொன்று. ஆப்பிலிருந்து சாதாரண போன் எண்ணுக்குக் காசு கட்டிப் பேசுவது மூன்றாவது.

வாட்ஸ்அப்: எதிரில் ஸ்மார்ட்போன் இருந்தால்

கட்டிங் மாஸ்டரிடமும் செக்கிங் சூப்பர்வைசரிடமும் பேச இதைவிட மலிவு எதுவும் கிடையாது. பேச்சுக்கு மட்டும் நிமிடத்துக்கு ஒரு எம்பி கூடச் செலவாகாது. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியின் நிறத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அதைப் பற்றியே பேசலாம். 2016 முதல் இரு முனைக்கும் இடையே பூட்டுப்போட்ட பேச்சு என்பதால், ஹோட்டல் வைஃபையில் விலை பேசினாலும் நடுவில் ஒருவர் ஒட்டுக் கேட்பது நடக்காத காரியம்.

ஆனால் "நெட் நல்லா இருக்கு, குரல் மட்டும் விட்டு விட்டு வருது" என்ற புலம்பலைக் கேட்காதவர் இருக்க முடியாது. குரலுக்கு வேண்டியது நெட்டின் வேகம் அல்ல, தாமதமில்லாமை. ஒரு முனையில் சொன்னது மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்றே பாதி நேரம் போய்விடும். கண்காட்சி அரங்கில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே வைஃபையில் தொங்கும்போது நடப்பது இதுதான். அரங்கை விட்டு வெளியே வந்து பேசுங்கள், வீடியோவை அணையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தனியாகத் தெரிந்தால் அதைப் பிடியுங்கள். பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். மீதிப் பாதி பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கோளாறு. தகர ஷெட்டுக்குள் நிற்கும் மாஸ்டரை வாசலுக்கு வரச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அங்கே புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் "எண்ணை மாற்றட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய இந்திய எண்ணிலேயே ஓடும். 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை, இப்படிப்பட்ட மெசேஜ் ஆப்கள் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸுக்குள் சொருகும் பழக்கத்தை இனி விட்டுவிடுவது நல்லது. இரண்டு சிம் போடும் போனோ, ஒரு சிம்மும் ஒரு இ-சிம்மும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) ஏற்கும் போனோ இருந்தால் தொல்லையே இல்லை.

வைஃபை காலிங்: அம்மாவுக்கு எதுவும் கற்றுத்தர வேண்டாம்

ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்த வசதி இது. வீட்டுக்குள் டவர் எடுக்காதவர்களுக்காக வந்தது என்றாலும் வெளிநாடு போகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். போன் வைஃபை வழியாக நம் சிம் நிறுவனத்தின் நெட்வொர்க்கோடு பூட்டுப்போட்ட இணைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளும். நம்ம ஊர் டவரிலிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுத்துக்கொண்டு போன மாதிரி. அந்தப் பக்கம் அம்மாவின் பட்டன் போனில் மகனின் பெயரே தெரியும். ஆப் வேண்டாம், நெட் வேண்டாம், "பச்சைப் பொத்தானை அமுக்குங்கம்மா" என்ற பாடமும் வேண்டாம். பட்டன் போனுக்கும் லேண்ட்லைனுக்கும் பேச மூன்றில் இதுவே சுகமானது என்பது என் கட்சி.

சிக்கல் காசில்தான் இருக்கிறது. "வைஃபைதானே, இலவசம்" என்று நினைத்துப் பேசத் தொடங்கக் கூடாது. வெளிநாட்டு வைஃபையில் இருந்து பேசும்போது உள்ளூர்க் கணக்கா, ரோமிங் கணக்கா, வரும் அழைப்புக்கும் காசு உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், பிளானுக்குப் பிளான் வேறு. கிளம்புவதற்கு முந்தைய வாரமே நிறுவனத்தின் ஆப்பில் ரோமிங் கட்டணப் பக்கத்தைத் திறந்து, போகிற நாட்டைப் போட்டு, வைஃபை காலிங் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று கிளம்பாதீர்கள்.

இரண்டாவது, செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஊரிலேயே இயக்கி, வீட்டு வைஃபையில் ஒரு தடவை பேசிப் பாருங்கள். மூன்றாவது, அங்கே போய் இறங்கியதும் ஏர்பிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். இல்லாவிட்டால் போன் அந்த ஊர் டவரைப் பிடித்துக்கொள்ளும். வைஃபையில் போவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அழைப்பு ரோமிங்கில் போய்க்கொண்டிருக்கும். பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும். அந்த ஊர் டாக்சிக்காரரையோ ஹோட்டலையோ கூப்பிட இந்த வழி ஒத்துவராது, விலை ஏறிவிடும்.

காசு கட்டிப் பேசும் ஆப்: விலை குறைவு, எடுக்கத்தான் ஆளில்லை

திருப்பூரில் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரோடு பேச ஒரு காலத்தில் ஸ்கைப் இல்லாத ஆபீஸ் இருந்ததா என்ன? 2003-இல் வந்து, 2011-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், 2025 மே 5-இல் மூடப்பட்டது. அந்த வேலையை இன்று வைபர் அவுட், ரெப்டெல் போன்றவை செய்கின்றன. முன்பணம் கட்டினால் உலகின் எந்த லேண்ட்லைனுக்கும் செல்போனுக்கும் பேசலாம். எதிர் முனைக்கு ஆப்பும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்று பார்த்தால், வெளிநாட்டு அழைப்பை இந்திய எண்ணில் கொண்டுவந்து சேர்க்க இங்குள்ள நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2020-இல் வைத்த வரம்பு நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா. அதன்மேல் ஆப்காரரின் லாபமும் வரியும். பேக் எதுவும் போடாமல் ரோமிங்கில் பேசும் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அப்படியென்றால் ஏன் இதை முதலில் வைக்கவில்லை? எடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் போனில் தெரிவது முன்பின் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டு எண். டிஜிட்டல் அரஸ்ட், பார்சலில் போதைப்பொருள் என்று மோசடிக் கும்பல்கள் கூப்பிட்டுப் பணம் பறிக்கும் இந்தக் காலத்தில், "தெரியாத நெம்பரை எடுக்காதீங்கம்மா" என்று வீட்டில் சொல்லி வைத்ததே நாம்தானே? வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே +91 என்று பொய்யாகக் காட்டும் அழைப்புகளைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் உண்மையான மகனின் அழைப்பும் அதே சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கப்படும். ஆப்பில் நம் சொந்த எண்ணைப் பதிந்து அதுவே எதிரில் தெரியும்படி வைக்கும் வசதி சிலவற்றில் உண்டு என்றாலும், இந்திய எண்ணுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். "பொழுதோட ஏழு மணிக்குக் கூப்பிடுறேன், எந்த நெம்பர் வந்தாலும் எடுங்க" என்று நேரம் சொல்லிவைத்தால் தப்பிக்கலாம். குளிர்காலத்து ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதாவது அங்கே அப்போது மதியம் இரண்டரை.

இதில் இன்னொரு வம்பு, ஊரில் இருக்கும்போதே இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய எண்ணுக்கு இப்படிப் பேச இந்த ஆப்களுக்கு வழியில்லை. ஸ்கைப்பே 2014 நவம்பரில் அதை நிறுத்திவிட்டது. அங்கே போய்தான் பார்க்க வேண்டும் என்பதால் முதலில் மிகக் குறைந்த தொகைக்கு மட்டும் ரீசார்ஜ் செய்யுங்கள்.

துபாயும் குவாங்சோவும் வேறு கதை

மேலே சொன்னதெல்லாம் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பொருந்தாது. அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்தும் அனுப்பலாம். கால் மட்டும் போகாது. அனுமதி பெற்ற ஆப்களான போட்டிம், ஸூம், கூகுள் மீட், டீம்ஸ் போன்றவற்றில்தான் பேச வேண்டும். சில ஆப்களுக்கு அங்குள்ள நெட் நிறுவனத்தின் காலிங் பேக்கும் வேண்டியிருக்கும். மகள் வீட்டு வைஃபையில் அது இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் இருக்கும் பேரன் போனிலும் அதே ஆப்பைக் கிளம்புமுன்னே ஏற்றிவைக்க வேண்டும், எடுக்கிற பக்கத்தை இங்கேதான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

"விபிஎன் போட்டால் வாட்ஸ்அப்பே போகும்" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். நம் போனின் இணைய முகவரியை, அதாவது ஐபி முகவரியை, மறைத்துக் காட்டும் ஆப் அது. 2021-இன் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி, ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை. குறைந்தபட்சமே நம் காசில் ஒரு கோடியைத் தாண்டும். தடை செய்த காலுக்காக விபிஎன் போடுவது அந்தச் சட்டத்தின் வாசலில் போய் நிற்பது. பேரன் குரல் கேட்க அவ்வளவு துணிச்சல் தேவையில்லை, போட்டிமே போதும்.

சீனாவில் நிலைமை இன்னும் வேடிக்கை. வாட்ஸ்அப் 2017 முதல் அங்கே முடக்கம், கூகுளும் கிடையாது. அங்கே எல்லாரும் பேசும் வீசாட்டையோ 2020 ஜூனில் தடை செய்த 59 ஆப்களோடு சேர்த்து நாம் தடை செய்துவிட்டோம். ஆக, மெஷின் பார்க்கப் போன முதலாளியும் ஊரில் இருக்கும் மேனேஜரும் ஹோட்டல் வைஃபையில் பேசிக்கொள்ளப் பொதுவாக ஓர் ஆப் வேண்டுமென்றால் டீம்ஸ் போன்ற ஆபீஸ் ஆப்தான் மிஞ்சுகிறது. ஆனால் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப் ஓடும். காரணம், ரோமிங்கில் போகும் டேட்டா அந்த நாட்டு டவரைத் தொட்டாலும் நம் நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் இணையத்துக்கே வெளியேறுகிறது. சீனத் தடுப்பு அதை நிறுத்துவதில்லை. குவாங்சோவுக்கு மட்டும் என் ஓட்டு வைஃபைக்கு இல்லை. ஊரிலேயே ரோமிங் டேட்டா பேக் போட்டுக்கொண்டு போங்கள்.

வைஃபையே இல்லாத இடத்தில்

ரயிலிலும் தெருவிலும் வைஃபையைத் தேடி அலைவது வீண். ஜெர்மனியில் வாங்கும் சிம், 2017 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் தனி ரோமிங் கட்டணம் இல்லாமல் ஓடும். பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். இ-சிம் வசதிதான் என்றாலும், உரிய அனுமதி இல்லை என்று 2024 தொடக்கத்தில் இ-சிம் விற்கும் ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆப்களை இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கச் சொன்னார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் மாதக்கணக்கில் தங்கும் ஆட்களுக்கு வைஃபைக் கணக்கே ஒத்துவராது, உள்ளூர் சிம் ஒன்றுதான் வழி.

அப்புறம், வங்கி

வங்கி வாட்ஸ்அப் காலை எடுக்காது, ஓடிபியும் பெரும்பாலும் ஆப்பில் வராது. அது இந்திய எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை, ஆனால் சர்வதேச ரோமிங்கை இயக்கி வைத்திருக்க வேண்டும், ரீசார்ஜ் காலமும் திரும்பி வரும் தேதியைத் தாண்டி இருக்க வேண்டும். ரோமிங் வேண்டாம் என்பவர்களுக்கு, பல போன்களில் வைஃபை காலிங் இயங்கினால் ஏர்பிளேன் மோடிலேயே ஓடிபி வந்துவிடும்.

கார்டு தொலைந்தால் கூப்பிட வேண்டிய 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கென்று வங்கிகள் +91-இல் தொடங்கும் வேறு எண் வைத்திருக்கின்றன. அதற்குப் பேசத்தான் அந்தக் காசு கட்டும் ஆப். அங்கே எடுக்கிறவர் எந்த நெம்பர் வந்தாலும் எடுப்பார். அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பர்ஸும் போனும் சேர்ந்து தொலைந்தால், ஹோட்டல் வரவேற்பில் இருக்கும் போனிலிருந்தாவது கூப்பிடலாம்.